கால் ஊன்றாத எட்டு

மண்ணில் ஏற்கெனவே ஓர் எட்டு இருந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் தன் புது மோட்டார் சைக்கிளை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்து, மைதானத்தின் ஓரத்தில் ஸ்டாண்டு போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தார். விடிவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பனி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. லைசென்ஸ் வாங்க வருகிறவர்கள் எட்டுப் போட்டுக் காட்டுகிற மைதானம் அது. தூசி கிளம்பாமல் இருக்க முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்து, மண்ணை இழுத்துச் சமப்படுத்தி வைத்துவிடுவார்கள். காலையில் அந்த ஈர மண் பாய் விரித்த மாதிரி இருக்கும். காக்கை நடந்தால்கூடத் தெரியும்.

இன்று அதில் ஒரு டயர் தடம், சுண்ணாம்புக் கோட்டை ஒட்டியே வளைந்து போய், நடுவில் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு, மறுபடி வளைந்து வந்திருந்தது. தடத்துக்குப் பக்கத்தில் மூன்று கால் சுவடுகள். மேல் வளைவில் ஒன்று, நடுவில் ஒன்று, கீழ் வளைவில் ஒன்று. மூன்றும் இடது கால்.

அவருடைய தடமாக இருக்க முடியாது. அவருடைய டயர் புத்தம் புதிது. இன்னும் ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. பட்டை பட்டையாக, அகலமாகப் பதியும். இது குறுகலான தடம். தேய்ந்த டயர். ஸ்கூட்டராக இருக்கலாம்.

யாரோ பழகிப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அந்தத் தடம் மைதானத்துக்குள் எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கமாகப் போனது என்பதற்கு மண்ணில் ஒரு கோடு இல்லை. எட்டு மட்டும் தனியாக, யாரோ மேலிருந்து வைத்துவிட்டுப் போனது போல நடுவில் கிடந்தது.

பூட்ஸ் காலால் சுவடுகளைத் தேய்த்து அழித்தார். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அப்புறம் வண்டியில் ஏறினார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர்களுக்கு எட்டுப் போடச் சொல்லி, கால் ஊன்றியவர்களை ‘அடுத்த மாசம் வா’ என்று விரட்டிக்கொண்டிருந்த அந்த அதிகாரிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

கார் ஓட்டுவார், ஜீப் ஓட்டுவார், ஒருமுறை பஸ்கூட ஓட்டியிருக்கிறார். ஆனால் இரண்டு சக்கரம் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். அவருடைய லைசென்ஸில் டூ வீலரும் உண்டு. சித்தப்பாவின் சிபாரிசில், அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் யாரோ ஓர் அதிகாரி போட்டுக் கொடுத்த கையெழுத்து. அந்த ரகசியம் மனைவிக்கும் தெரியாது. ‘ஆபீஸ் ஜீப் இருக்கும்போது பைக் எதுக்கு?’ என்றே கல்யாண வாழ்க்கையை ஓட்டிவிட்டார்.

அப்படிப்பட்டவர் நாற்பத்தெட்டாவது வயதில் திடீரென்று கருஞ்சிவப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

ஷோரூம் பையன் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, “ஏறி உட்காருங்க சார். நீங்க ஓட்டிக்கிட்டு வெளியே போற மாதிரி ஒரு போட்டோ. பிரேக் இன்ஸ்பெக்டரே நம்ம கஸ்டமர்னு சுவத்துல மாட்டிடறேன்” என்றான்.

“முதுகு பிடிச்சிருக்குப்பா. மெக்கானிக்கை விட்டு வீட்டுல விடச் சொல்லு.”

“அய்யய்யோ, முதுகு பிடிச்சிருக்கிறப்பவா பைக் வாங்குவாங்க?” என்று பையன் சிரித்தான். அவரும் சிரித்தார். காது மடல் கொதித்தது.

அவருடைய குவார்ட்டர்ஸ் ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ளேயே, மைதானத்தின் பின்பக்கம் இருந்தது. மனைவி வாசலுக்கு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நகத்தால் சுரண்டினாள்.

“மாப்பிள்ளைக்கு இப்பத்தான் ஆசை வந்துச்சாக்கும்! ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்கு இதுலதான் போறோம். போன்ல சொல்லியாச்சு.”

“இரும்மா. ஆயிரம் கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் பின்னாடி யாரும் ஏறக்கூடாது. இன்ஜினுக்கு ஆகாது.”

“நான் என்ன யானையா, ஏறினதும் இன்ஜின் உட்கார்ந்துடறதுக்கு?”

மறுநாளிலிருந்து, ஊர் எழுந்திருப்பதற்கு முன்னால், இன்ஜினைப் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்கு வர ஆரம்பித்தார். நடுராத்திரியில் சுவரேறிக் குதிக்கிறவன்கூட இவ்வளவு பதுங்க மாட்டான்.

முதல் நாள் கிளட்சை விட்டதும் வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவி அணைந்துபோனது. இரண்டாம் நாள் இருபது அடி போனார். புது சைலன்சரின் பெயிண்ட் சூட்டில் வேகும் நாற்றமும், புது ரப்பர் வாசனையும், கால்களுக்கு நடுவே உயிருள்ள ஏதோ ஒன்று உறுமுகிற அதிர்வும் சேர்ந்து அவருக்குக் குமட்டலையும், சொல்ல வெட்கமாக இருக்கிற ஒரு சந்தோஷத்தையும் ஒன்றாகக் கொடுத்தன. நான்காம் நாள் எட்டை ஒரு வழியாகச் சுற்றி வந்தார். மூன்று இடத்தில் கால் ஊன்றினார். ஐந்தாம் நாள்தான் மண்ணில் அந்த எட்டு இருந்தது.

ஆறாம் நாளும் இருந்தது.

இந்த முறை இரண்டே இரண்டு சுவடுகள்.

அவர் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சின்னக் கால். கேன்வாஸ் ஷூவின் அடிப்பாகம். வரிசை வரிசையாக வட்டப் புள்ளிகள். கட்டைவிரல் பக்கம் மட்டும் புள்ளிகள் தேய்ந்து வழவழவென்றிருந்தன. பனியையும் மீறி மெல்லிய ஒரு வாடை வந்தது. ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் நனைத்துத் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் வாடை.

டார்ச்சை அணைத்துவிட்டார்.

வாட்ச்மேன் பல் குச்சியைக் கடித்தபடி வந்தார். “என்ன சார், இன்னிக்கும் பயிற்சியா? நான் யார்கிட்டயும் மூச்சு விடல.”

“என்ன பயிற்சி? புது வண்டி, சூடு பண்ணிப் பாக்கிறேன்.”

“ஆமா ஆமா. சூடுதான்.” வாட்ச்மேன் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“ராத்திரி யாராவது உள்ளே வந்தாங்களா?”

“மெயின் கேட் சாவி இடுப்புல கிடக்குது. என்னைத் தாண்டி எவன் வருவான்?” வாட்ச்மேன் மண்ணை எட்டிப் பார்த்தார். “இது யாரு, உங்களுக்கு முன்னாடி வந்து போட்டது? உங்களைவிடத் தேவலையே சார்! ரெண்டு கால்தான் ஊனியிருக்கு!”

அவர் அந்தச் சுவட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஷூவை அவருக்குத் தெரியும். நீல நிறம்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அந்தப் பெண் டெஸ்டுக்கு வந்தாள். வீடு வீடாகப் போய் ரத்த சாம்பிள் எடுக்கிற லேப் பெண். ஸ்கூட்டரின் முன்னால் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டே வந்திருந்தாள். மேல் வளைவில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கீழ் வளைவில் ஒருமுறை கால் ஊன்றினாள். ஃபெயில் என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

“சார், வளைவுல எப்படித் திருப்பணும்னு தெரியல. ஒரே ஒரு தடவை நீங்க ஓட்டிக் காட்டுங்க சார், பாத்துக் கத்துக்கிறேன்” என்றாள். கிண்டலே இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

கயிற்றுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். “ஆமா சார், காட்டுங்க சார்!” என்று எவனோ கத்தினான். விசில் பறந்தது. ஸ்கூட்டர் சாவி அவர் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. அந்தச் சாவியைத் தவிர வேறு எதுவும் அப்போது அவருக்குத் தெரியவில்லை.

“போதும் போதும். பாஸ். போம்மா” என்றார்.

அவள் நம்ப முடியாமல் நின்றாள். “மூணு தடவை ஊனிட்டேனே சார்?”

“பாஸ்னு சொல்றேன்ல. அடுத்து யாரு?”

டெஸ்ட் முடிந்த ஒன்பதாம் நாள், இதே மெயின் ரோட்டில், இதே காம்பவுண்டுக்கு வெளியே இருக்கும் வளைவில், திருப்பத் தெரியாமல் லாரிக்கு அடியில் போய்விட்டாள். விசாரணைக் கடிதத்தோடு வந்த போட்டோவில் தார் ரோடும், உடைந்த ஐஸ் பெட்டியும், ஒற்றை நீல ஷூவும் இருந்தன. ‘விதிப்படி தேர்வு நடத்தப்பட்டது’ என்று ஒரே வரியில் பதில் எழுதினார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு நாள் அவளுடைய அப்பா ஆபீசுக்கு வந்தார். சண்டை போடவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, “தப்பா நினைக்காதீங்க. எம்பொண்ணு டெஸ்டுல நல்லா ஓட்டினாளா சார்? அதை மட்டும் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்” என்றார்.

“பிரமாதமா ஓட்டினாங்க. ஒரு தடவைகூடக் கால் ஊனல.”

அந்த மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடைத்தான் இன்ஸ்பெக்டரால் செரிக்க முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அது வந்து நின்றது. பல் விளக்கும்போது கண்ணாடியில் வந்து நின்றது. உண்மையை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை தாளை எடுத்தார். எழுதினால், ஏன் பாஸ் போட்டாய் என்று கேட்பார்கள். எனக்கே ஓட்டத் தெரியாது என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பேனா நகரவில்லை. முதலில் ஓட்டக் கற்றுக்கொள்வோம், அப்புறம் எழுதுவோம் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு வாங்கியதுதான் இந்த வண்டி.

ஏழாம் நாள் மண்ணில் ஒரே ஒரு சுவடு. நடுவில்.

அவருடைய கணக்கு மூன்றிலேயே நின்றிருந்தது.

எட்டாம் நாள், சனிக்கிழமை. பனி இன்னும் அடர்த்தி. அவர் வண்டியை எடுக்கவில்லை. வெறும் கையோடு, டார்ச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். எட்டு இருந்தது. அழகான எட்டு. சுண்ணாம்புக் கோட்டில் எங்கும் இடறாமல், ஒரே சீராக, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி. மேல் வளைவில் பார்த்தார். நடுவில் பார்த்தார். கீழ் வளைவில் முழங்காலிட்டு மண்ணோடு முகம் வைத்துப் பார்த்தார்.

சுவடே இல்லை.

அவர் அந்தத் தகப்பனிடம் சொன்ன பொய், வார்த்தை மாறாமல், ஈர மண்ணில் நிஜமாகியிருந்தது.

“மன்னிச்சிடும்மா” என்றார். குரல் வெளியே வருவதற்குள் உடைந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று உடனே திரும்பியும் பார்த்துக்கொண்டார். அந்த நிலைமையிலும் அந்தக் கூச்சம் போகவில்லை.

முடிந்தது, அவ்வளவுதான், அவள் பாஸாகிவிட்டாள் என்று பகலெல்லாம் சொல்லிக்கொண்டார். ராத்திரி சாப்பிடும்போது மனைவி, “நாளைக்குப் பத்து மணிக்குக் கிளம்பணும். தங்கச்சி வாசல்ல வந்து நிக்கிறேன்னா, மாமா பைக்ல வர்றதைப் பாக்க” என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஒரே ஓர் எட்டு. கால் ஊன்றாமல் ஒன்று போட்டுவிட்டால் போதும். அப்புறம் திங்கட்கிழமை முதல் வேலையாக உண்மையை எழுதிக் கொடுத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் சுத்தமாக இருந்தது. தடம் இல்லை. சுவடு இல்லை. ஈர மண் மட்டும். அவருக்கு நெஞ்சு லேசானது. ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். உறுமல் பனிக்குள் போய் அமுங்கியது. முதல் கியர். கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். வண்டி நகர்ந்தது.

மேல் வளைவு வந்ததும் வழக்கம்போல வண்டி சாய, வழக்கம்போல இடது கால் கீழே இறங்கியது. மண்ணைத் தொடுவதற்குள் ஏதோ தட்டியது போலிருந்தது. கால் தானாக மேலே வந்துவிட்டது. வண்டி நிமிர்ந்தது. அட! நடுவில் வெட்டும் இடத்திலும் அப்படியே. கீழ் வளைவிலும் அப்படியே. முழு எட்டு. கால் ஊன்றாத எட்டு! சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சிரித்தார்.

அப்போதுதான் ஸ்பிரிட் வாடை வந்தது.

போதும், நிறுத்திவிடலாம் என்று நினைத்தார். பிரேக்கைப் பிடித்தார். லீவர் தளர்ந்து கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. வண்டி வேகம் குறையவில்லை. கூடவும் இல்லை. அதே நடை வேகம். சாவியைத் திருப்பினார். இன்ஜின் அணைந்தது. லைட் அணைந்தது.

வண்டி போய்க்கொண்டிருந்தது.

டயர் ஈர மண்ணை அழுத்தும் சத்தம். சளக். சளக். அதுகூட டயர் சத்தம் இல்லை. பக்கத்தில் யாரோ ஓடி வருகிறார்கள். பழகுகிறவன் விழுந்துவிடாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார்களே, அந்த மாதிரி.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

விழுந்தாலும் பரவாயில்லை என்று இடது காலைக் கீழே நீட்டினார். உள்ளங்காலுக்கு அடியில் விரல்கள். பூட்ஸை மீறி ஏறுகிற குளிர். விரல்கள் காலை ஏந்தின. தூக்கின. திரும்பக் கொண்டுபோய் ஃபுட்ரெஸ்டில் வைத்தன. மெதுவாக. வலது காலை நீட்டினார். அதையும் வைத்தன.

மூன்றாவது எட்டு. நான்காவது.

“சார்! சூப்பர் சார்!”

வாட்ச்மேன். பனிக்குள் மெயின் கேட்டருகே நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். “நானும் பாத்துட்டே இருக்கேன், ஒரு தடவைகூடக் கால் ஊனலையே! என்னா ஸ்மூத்து! புது வண்டின்னா புது வண்டிதான், சத்தமே இல்லாம போவுது பாருங்க!”

கூப்பிட வேண்டும். பிடிப்பா, என்னைப் பிடிச்சு நிறுத்து. நான்கு வார்த்தை. வாயைத் திறந்தார்.

எனக்கு நிறுத்தத் தெரியலப்பா.

அதையும் சொல்ல வேண்டியிருக்கும். இந்த ஆளிடம். இன்றைக்குப் பத்து மணிக்குள் காம்பவுண்டு முழுக்கத் தெரிந்துவிடும். தொண்டை வரை வந்த சத்தம் அங்கேயே நின்றது. முகம் தானாகச் சிரித்தது. தலைகூட அசைந்தது, பெருமையாக.

“பாஸ் சார், பாஸ்! மைதானத்துக்குள்ளயே எத்தனை நாளைக்குச் சுத்துவீங்க? ரோட்டுக்குப் போங்க!” வாட்ச்மேன் இடுப்புச் சாவியை எடுத்தார். பூட்டு திறக்கும் சத்தம். இரும்புக் கதவுகள் இரண்டும் கிறீச்சிட்டுக்கொண்டு விலகின.

வண்டி எட்டை விட்டு விலகியது.

ஹேண்டில் கையில் திரும்பவில்லை. நேராக. கேட்டை நோக்கி.

“வேண்டாம்” என்றார். உதடு மட்டும் அசைந்தது. வாட்ச்மேன் விறைப்பாக சல்யூட் அடித்தார். அந்த சல்யூட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, மண் முடிந்து தார் ரோடு ஆரம்பித்தது. இறக்கம். காற்று முகத்தில் அறைந்தது. இப்போதுதான் கத்தினார். பின்னால் வாட்ச்மேன் பதிலுக்கு உற்சாகமாகக் கத்தினார்.

எதிரே வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம், பனி மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கனமான இன்ஜின் சத்தம். ஹாரன்.

குனிந்து பார்த்தார்.

இடது பூட்ஸின் மேல் ஒரு கை. வலது பூட்ஸின் மேல் ஒரு கை. சின்னக் கைகள். நகத்தை ஒட்ட வெட்டிய, சுத்தமான விரல்கள். அவை அழுத்தவில்லை, இறுக்கவில்லை. ஊசிக்குப் பயந்து துள்ளுகிற ஆளின் கையைப் பிடிப்பது போல, கொஞ்ச நேரம்தான், கொஞ்ச நேரம்தான் என்று ஆறுதல் சொல்வது போல, இரண்டு கால்களையும் பக்குவமாகப் பிடித்துக்கொண்டிருந்தன.